மைனாவுக்கு ஒரு குட்டி

மச்சான் குதிரையின் விலாவில் காதை வைத்துக் குனிந்து நின்றார். ஒரு கை அதன் முதுகில், இன்னொரு கை வயிற்றுக்கடியில். கண்ணை மூடியிருந்தார். அவித்த கொள்ளை வாளியில் எடுத்துக்கொண்டு போன நான் லாயத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"சத்தம் போடாத நூரு. மூச்ச எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நான் எங்கே சத்தம் போட்டேன்? வாளிக் கைப்பிடிதான் லேசாகக் கிணுங்கியது. எனக்கு அப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில், இரண்டு மாதம். முதல் இரண்டு பிள்ளைகளின்போதும் சரி, அப்போதும் சரி, என் வயிற்றில் அந்தக் காது ஒரு நாளும் பட்டதில்லை. குதிரைக்கு மட்டும் காலையும் சாயங்காலமும் தவறாமல் நடந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் குதிரை மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"எத்தன வருது?" என்று கேட்டேன்.

"இருவத்தெட்டு. சும்மா நிக்கையிலயே இருவத்தெட்டு. நல்ல குதிரைக்குப் பதினாலு தாண்டக் கூடாதாம். தோப்புல இருந்த மூணு நாளும் ஒரு இருமல் இல்ல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஆகல, ஆரம்பிச்சிருச்சு. யாரு கண்ணு பட்டுச்சோ."

அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. மைனா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் என் வாளிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

சுல்தான் ஓட்டிய ஜட்கா

போன வாரம் எங்கள் கல்யாணக் கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் மூத்த மகள், "அத்தாவ ரொம்பத்தான் கிண்டல் பண்றீங்க" என்று கோபித்துக்கொண்டாள். இந்த வாரமும் கிண்டல் உண்டு. ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

மச்சான் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரைத்தான். என் அத்தாவின், அதாவது அப்பாவின், அக்கா மகன். சின்ன வயதில் மச்சான் என்று கூப்பிட்ட பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிட்டது. பெயர் சுல்தான். ஓட்டியது திண்டுக்கல் ரயிலடியில் ஜட்கா.

ஐம்பதுகள் முடிகிற சமயம் அது. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பெட்டி படுக்கையோடு வெளியே வந்ததும் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மச்சான் மட்டும் சூழ மாட்டார். குதிரைக்குப் பக்கத்தில் நின்று அதன் பிடரியைக் கோதிக்கொண்டிருப்பார். "நம்ம குதிரையப் பாத்தாலே ஆளு வந்துரும்" என்பார். வந்தும்விடும். ராவுத்தர் என்றாலே குதிரைக்காரர்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. எங்கள் பேகம்பூரில் பாதிப் பேர் ராவுத்தர்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குதிரையைப் பக்கத்தில் பார்த்தாலே பயம் என்பதை அவரிடம் சொல்ல முடியாது.

மைனாவை அவர் வாங்கி வந்தது அந்தியூர்ச் சந்தையில். கறுப்புத் தலை, பழுப்பு உடம்பு, அதனால் மைனா. நெற்றியில், கழுத்தில், நெஞ்சில் என்று சுழிகளைத் தடவித் தடவிப் பார்த்து, எல்லாம் சுத்தம் என்று திருப்தியான பிறகுதான் கயிற்றைப் பிடித்தாராம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுந்து போனவர் இவர்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு அதன் நடை. வண்டியில் ஏறுகிறவர்களை எல்லா ஜட்காக்காரர்களும், "கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க, பின்னாடி நகருங்க" என்று படுத்தி எடுப்பார்கள். பாரம் சமமாக இல்லாவிட்டால் குதிரை திணறும். எங்கள் வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. மைனாவே காலை மாற்றி வைத்துப் பாரத்தைச் சரிசெய்துகொள்ளும். காந்திகிராமத்துக்குச் சவாரி வந்த வடக்கத்திக்காரர் ஒருவர், இறங்கும்போது மச்சானுக்கு வணக்கம் சொல்லாமல் குதிரைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

வந்து இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் இளைப்பு பிடித்தது. முதலில் காலையில் மட்டும் இரண்டு இருமல். பிறகு மேடு ஏறினால் இருமல். மூச்சை இழுக்கும்போது மூக்குத் துவாரம் இரண்டும் அகலமாக விரியும், விடும்போது விலா உள்ளே ஒடுங்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். மச்சான் பூண்டையும் மிளகையும் கருப்பட்டியோடு இடித்து உருண்டை பிடித்துக் கொடுப்பார். மைனா கருப்பட்டியை மட்டும் நக்கிவிட்டு மற்றதை அவர் சட்டையில் துப்பும்.

தோப்புக்காரர் சொன்ன கெடு

நத்தத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் மச்சானுக்கு நல்ல பழக்கம். எங்கள் வீட்டில் அவரைத் தோப்புக்காரர் என்றே சொல்வோம். அவர் மச்சானை 'மாப்ள' என்பார், இவர் அவரை 'மாமா' என்பார். அந்த ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து தோப்புக்கு விருந்தாளிகளைக் கூட்டிவர மச்சான் வண்டியோடு போய் மூன்று நாள் தங்கினார்.

தோப்புக்காரரிடம் ஒரு வெள்ளைப் பொலிகுதிரை இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெட்டைக்குதிரைகளை அதனிடம் இணை சேர்க்கக் கூட்டி வருவார்கள். மைனா அப்போது பருவத்துக்கு வந்திருந்தது. வெள்ளைக் குதிரை மூன்று நாளும் கட்டுத்தறியைப் பிடுங்காத குறை. கல்யாண வீட்டு மேளத்தைவிட அதன் கனைப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டதாம்.

தோப்புக்காரர் மச்சானிடம் சொல்லியிருக்கிறார்: "ஏ மாப்ள, ஒன் குதிர நடைக்கும் என் குதிர ஒசரத்துக்கும் ஒரு குட்டி பொறந்தா எப்படி இருக்கும்? இப்பக் கல்யாண வேலைல ஒண்ணும் முடியாது. அடுத்த பருவத்துக்குக் கூட்டிக்கிட்டு வா. ஆனா கார்த்திக முடிஞ்சா என் குதிர மைசூருப் பக்கம் போகுது. பேசி முடிச்சாச்சு."

குதிரைக்கு இருபது நாளைக்கு ஒருமுறை பருவம் வரும். கணக்குப் பார்த்தால் கார்த்திகை நடுவில் ஒரே ஒரு வாய்ப்பு. அதை விட்டால் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பொலிகுதிரை கிடையாது.

வீட்டுக்கு வந்த மச்சான் பித்துப் பிடித்த மாதிரி இருந்தார். ஒரு பக்கம் குட்டி ஆசை, இன்னொரு பக்கம் மைனாவின் இளைப்பு. அந்த வாரத்தில்தான் காதை வைத்து மூச்சு எண்ணுகிற வேலை ஆரம்பித்தது.

எல்லோரையும் கேட்டார்

முதலில் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கேட்டார். அவர் கொங்கு நாட்டுக்காரர். மைனாவைச் சுற்றி மூன்று தரம் நடந்து, மூக்கைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்.

"ஏனுங்க பாய், சினையாகறது பெரிசில்லைங்க. குட்டி பதினோரு மாசம் உள்ளே இருக்கோணும். கடைசி ரெண்டு மாசம் அது நெஞ்சை மேலே தள்ளும். இப்பவே மூச்சுக்கு அல்லாடற குதிரைங்க இது. குட்டியும் போகலாம், தாயும் போகலாம். இந்த இளைப்பு குட்டிக்கும் வருமான்னு கேட்டா, அதும் சொல்ல முடியாதுங்க."

அடுத்து லாடம் கட்டுகிறவரைக் கேட்டார். அவர் "ஒரு குட்டி போட்டா இளைப்பு தன்னால போயிரும்" என்றார். வண்டிப்பேட்டையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பள்ளிவாசலுக்குப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். கடைசியாகத் தன் அம்மாவைக் கேட்டார்.

மாமிக்கு வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யாரும் பதில் எதிர்பார்க்கக் கூடாது. மென்று முடித்துவிட்டு, "வாயில்லாத சீவன். அதுக்கு இழுப்பு இழுக்குது, ஒனக்கு ஆச இழுக்குது" என்றார்.

நான் அடுப்படியில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்று மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்த நான் ஒருத்திதான் அந்த வீட்டில் பிள்ளை சுமப்பது என்றால் என்ன என்று அப்போது தெரிந்தவள். மாமிக்கு மறந்தே போயிருக்கும். எனக்கு இரண்டு பிரசவத்துக்கும் ஒரு டாக்டரையாவது இவர் கேட்டாரா? குதிரைக்கு ஊரையே கேட்கிறார். கோபத்தில் அன்று குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். மச்சான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். உப்பு கரிக்கிறது என்றுகூடத் தெரியாத அளவுக்கு மனுஷன் கவலையில் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் கொள்ளுத் தகரத்துக்குள் கையை விட்டபோது அடியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு வெண்கல மணி. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். பெரிய குதிரைக்குக் கட்டுகிற மணி இல்லை அது. பிறக்காத குட்டிக்கு வாங்கி ஒளித்துவைத்திருக்கிறார். எடுத்த இடத்திலேயே போட்டுக் கொள்ளை அள்ளி மூடினேன். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை.

அத்தா அனுப்பிய சீர்

இந்த இடத்தில் என் பிறந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது.

என் அத்தா புகையிலைக் கிட்டங்கியில் மேஸ்திரி. திண்டுக்கல்லில் அப்போது பூட்டுக்கும் தோலுக்கும் அடுத்தபடி புகையிலைதான் பேச்சு. இலையைக் கிழித்து எடுத்த பிறகு காய்ந்த தண்டும் காம்பும் மலை மாதிரி மிஞ்சும். அதைப் பரப்பினால் ஈ அண்டாது, உண்ணி பிடிக்காது என்பது கிட்டங்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆட்டுக்கொட்டடியில் போடுவார்கள், கோழிக்கூட்டில் போடுவார்கள்.

மருமகன் குதிரை வாங்கியதும் அத்தா ஒரு முடிவு செய்தார். மற்ற வீட்டுச் சீரெல்லாம் பலகாரத்தட்டில் வரும். எங்கள் வீட்டுச் சீர் மாட்டுவண்டியில் வந்தது. தை கழிந்தால் ஒரு வண்டி நிறையப் புகையிலைத் தண்டு, மாப்பிள்ளையின் குதிரைக்குப் படுக்கையாகப் போட. அதோடு எனக்கு ஒரு சேலை, மாமிக்கு வெற்றிலைக் கவுளி. தெருவே நின்று பார்க்கும். "எங்க அத்தா மாப்பிள்ளைக்குக் குடுக்குறாரோ இல்லையோ, மாப்பிள்ளை குதிரைக்குக் குடுக்குறாரு" என்று நானும் பெருமையடித்துக்கொள்வேன்.

லாயத்தில் முழங்கால் அளவு தண்டு கிடக்கும். மைனா அதன் மேல்தான் நிற்கும், படுக்கும். ஒரு ஈ இருக்காது. தினமும் அதைக் கிளறி, நனைந்ததை எடுத்துவிட்டுப் புதிது பரப்புவது என் வேலை.

அந்த ஐப்பசியில் எனக்கு மசக்கை. புகையிலை வாடையே ஆகவில்லை. மச்சான் தோப்பில் இருந்த மூன்று நாளும் நான் லாயத்துப் பக்கம் போகவில்லை. அவர் வந்த பிறகு ஒரு காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கிளறினேன். கிழக்குச் சன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கிளறக் கிளற வெயிலில் பழுப்பாகத் தூசி எழும்பியது. மைனா தும்மியது. நானும் தும்மினேன். அது இருமியது. நானும் இருமினேன். இருவரும் நிறுத்தாமல் மாறி மாறி இருமிக்கொண்டிருந்தோம்.

எனக்கு நெடுநாளாக ஒரு இருமல் உண்டு. பனி ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாயத்துக்குப் போகாத மூன்று நாளும் எனக்கு இருமல் இல்லை. தோப்பில் இருந்த மூன்று நாளும் மைனாவுக்கு இருமல் இல்லை. கிட்டங்கியில் தூள் சலிக்கிற பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதை அத்தாவுக்குச் சோறு கொண்டுபோன காலத்திலிருந்து பார்த்தவள் நான். மைனாவுக்கு யார் துணி கட்டிவிட்டார்கள்?

லத்தி அள்ளுகிற கூடை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் பட்டதும் இல்லை, காற்று கருப்பும் இல்லை. வருடா வருடம் என் அத்தா வண்டியில் அனுப்பிய பாசம்தான் அந்தக் குதிரையின் நெஞ்சை அடைத்தது. தினம் தினம் கிளறிவிட்டது என் கை.

மாமி உட்கார்ந்து காட்டினார்

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த மச்சானிடம் சொன்னேன். நம்பவில்லை.

"என்னத்தப் பேசுற? மாமு ஆசையா அனுப்புறது. ஒரு ஈ உண்டா, ஒரு உண்ணி உண்டா? ரயிலடியில அம்புட்டுப் பேரும் கேக்குறான், ஒன் குதிரத் தோலு மட்டும் எப்படி இப்படி மின்னுதுன்னு."

"தோலு மின்னுது மச்சான், நெஞ்சு மின்னல."

மாமிக்கு இது காதில் விழுந்ததுதான் தாமதம், வெற்றிலைப் பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அவர் தம்பி கொடுத்த சீரை மருமகள் குறை சொல்வதா? அந்த மருமகள் அதே தம்பியின் மகள் என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில்லை.

"என் தம்பி வெசமா அனுப்புனான்? இந்தா பாரு, நானே போயி உக்காருறேன். எனக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் போய்விட்டார்.

நானும் விடவில்லை. "சும்மா உக்காந்தா எப்படி மாமி? தெனம் கெளறுற மாதிரி கெளறுறேன்" என்று கவைக்கம்பை எடுத்தேன். மச்சான் வாசலில் நின்று, என்னையும் பார்க்கிறார், அம்மாவையும் பார்க்கிறார். யார் பக்கம் பேசினாலும் அன்று சோறு கிடைக்காது என்று தெரிந்த முகம்.

மாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு ஒரு தும்மல், அதன் பின்னால் இன்னொன்று. ஏழோ எட்டோ தும்மினார், எண்ண முடியவில்லை. கடைசியில் முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து, கண்ணெல்லாம் சிவந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தண்டு நல்ல தண்டுதான்" என்றார் மூச்சு வாங்க. "அது உள்ள இருக்குற எடந்தான் சரியில்ல. குடகனாத்து மணல் ஒரு வண்டி கொண்டாரச் சொல்லு."

தம்பியையும் விட்டுக்கொடுக்காமல் குதிரையையும் காப்பாற்றிய அந்தத் தீர்ப்பை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அன்றே தண்டையெல்லாம் அள்ளி வெளியே போட்டோம். லாயத்தைக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, ஆற்றுமணல் பரப்பினோம். சோளத்தட்டையில் தண்ணீர் தெளித்துப் போட்டேன், கொள்ளைப் புடைத்துப் போட்டேன். ஈ வந்தது. மச்சான் தன் தோள்துண்டால் விரட்டினார். ஏழாம் நாள் காலையில் லாயத்திலிருந்து, "நூரு, பதினெட்டு!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

என்னைக் கேட்டார்

கதை இங்கேயே சுபமாக முடிந்து, மைனாவை நத்தத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்போம் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும். மச்சான் மைனாவை மறுபடியும் டாக்டரிடம் கொண்டுபோனார். நானும் வண்டியில் போனேன். பெண்கள் ஏறினால் பின்பக்கம் சேலை கட்டி மறைப்பது அப்போது வழக்கம். சேலைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சந்தோஷப்பட்டார். புகையிலைச் சங்கதியைக் கேட்டு, "அடக் கடவுளே!" என்றார். இளைப்பு பிறவியில் வந்ததில்லை, குட்டிக்கு வரும் என்ற பயம் வேண்டாம் என்றார். மச்சான் முகம் மலர்ந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. அப்புறம் டாக்டர் மைனாவை வண்டியிலிருந்து அவிழ்த்து, பக்கத்து மேட்டில் இரண்டு தரம் ஓடவிடச் சொன்னார். ஓடி வந்ததும் குழாய் வைத்துக் கேட்டார். மைனா மூன்று தரம் இருமியது.

"சொல்றனுங்க பாய். புதுசாக் கெடாது. ஆனா இத்தனை வருசம் கெட்டது முழுசும் திரும்பி வராதுங்க. பாதி நெஞ்சு தேறியிருக்குது. குட்டி தங்கலாம், நல்லபடியாப் பெத்தும் போடலாம். கடைசி மாசம் முட்டினாலும் முட்டும். ரெண்டுக்கும் நடுவுல நிக்குதுங்க. நீங்கதான் முடிவு பண்ணோணும்."

வீட்டுக்கு வந்ததும் மச்சான் குதிரையை அவிழ்த்துக் கட்டினார். உடம்பைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் அடுப்படிக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நூரு, நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"விடவா, வேணாமா? நாலு நாள்ல பருவத்துக்கு வந்துரும். எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லாரும் ஆம்பளைக, இல்லாட்டி அம்மா. சொமக்குறது என்னான்னு ஒனக்குத்தான தெரியும்."

அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினேன். இந்தக் கேள்விக்காக இத்தனை நாளாக எவ்வளவு கோபமாகக் காத்திருந்தேன்! வந்தபோது அது பாரமாக இருந்தது. கொள்ளுத் தகரத்தில் கிடந்த அந்தச் சின்ன மணி என் கண் முன்னால் வந்தது. சரி, விடுங்கள் என்று சொல்லிவிட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்றும் எனக்குத் தெரியும்.

"மச்சான், மூத்தவ வயித்துல இருக்கையில ஒம்பதாம் மாசம் எனக்கு மூச்சு முட்டும். ரெண்டு தலகாணி வச்சு உக்காந்தேதான் தூங்குவேன். எனக்கு நெஞ்சு நல்ல நெஞ்சு. அப்பவே அப்படி. எனக்கு வாயிருந்துச்சு, மாமிகிட்டச் சொன்னேன், தடவிவிட்டாங்க. மைனாவுக்கு முட்டுனா அது யாருகிட்டச் சொல்லும்? அதுவா குட்டி வேணும்னு கேட்டுச்சு? நமக்குத்தான வேணும்."

களைந்த அரிசியை உலையில் போட்டேன்.

"வேணாம் மச்சான். இருக்குறத வச்சுக்குவோம்."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒனக்கு ஒம்பதாம் மாசம் மூச்சு முட்டுச்சா? எனக்குத் தெரியாதே" என்றார்.

"நீங்க கேக்கலயே" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, தோப்புக்காரரின் வெள்ளைக் குதிரையைத் திண்டுக்கல்லில் கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். ரயிலடியில் நின்ற மைனா அதைப் பார்த்து நீளமாகக் கனைத்ததாம். அதுவும் பதிலுக்குக் கனைத்ததாம். மச்சான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து லாயத்துக்குப் போய்விட்டார். நான் சொன்னது சரியா தப்பா என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது. அடுத்த நாள் பார்த்தால், கொள்ளுத் தகரத்திலிருந்த சின்ன மணி மைனாவின் கழுத்தில் தொங்கியது. அவ்வளவு பெரிய கழுத்துக்கு அது பொருத்தமே இல்லை.

தை கழிந்ததும் அத்தாவின் சீர் வண்டி வழக்கம்போல வந்தது. சிரித்த முகமாக இறக்கிவைத்தோம். அவர் தலை மறைந்ததும் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து உரத்துக்கு அள்ளிப் போனார். மைனா இருமாமல் நிற்பதைப் பார்த்த அத்தா, "என் தண்டு போட்டதுலதான் இளைப்பே போயிருக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார். கடைசிவரை நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை.

வைகாசியில் எனக்கு வலி எடுத்தது. மத்தியான வெயில். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று மச்சான் முன்பே முடிவு செய்து, டாக்டரம்மாவை இரண்டு தரம் பார்த்துப் பேசிவிட்டும் வந்திருந்தார். வண்டியில் மெத்தை போட்டு, பின்னால் சேலை கட்டி, மாமி என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மச்சான் வண்டியில் ஏறவில்லை. பாரம் குறையட்டும் என்று கடிவாளத்தைப் பிடித்துப் பக்கத்தில் நடந்து வந்தார். மைனாவின் கழுத்து மணி ஒரே சீராகக் கிணுகிணுவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அங்கே வண்டி மெதுவானது.

"என்ன தாயி, மூச்சு முட்டுதா?" என்று முன்னாலிருந்து அவர் கேட்டது காதில் விழுந்தது. குதிரையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பத்தடி போனதும் மறுபடியும் அதே கேள்வி. மைனா ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது, பிறகு எதற்கு இந்தக் கேள்வி என்று எரிச்சலாக வந்தது.

சேலையை விலக்கிக்கொண்டு ஒரு தலை உள்ளே எட்டிப் பார்த்தது. வியர்வை வழிய, கண் கலங்க, மச்சான்.

"ஒன்னத்தான் நூரு கேக்குறேன்" என்றார்.